கதைப்பெட்டி: மேடையை வாங்கலாம், கையேட்டை மூடி வைக்கலாம்

கதை சொல்வதன் வழியாக மாணவர்களிடம் பரிவை வளர்க்கும் சாதனம் என்ற விளம்பரத்தோடு விற்கப்படும் 'கதைப்பெட்டி' ஒன்றை எங்கள் பள்ளிக்காக வாங்கினோம். மரத்தாலான சிறு மேடை, படக்கதை அட்டைகள், ஆசிரியர் கையேடு ஆகியவை அதில் அடக்கம். ஜப்பானியர் காமிஷிபாய் என்று அழைக்கும் காகித நாடகத்தின் உள்ளூர் வடிவம் இது. ஏறத்தாழ இதே அமைப்பில் வேறு சிலரும் தயாரித்து விற்கிறார்கள். நான் சொல்லவிருக்கும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை இவ்வகைப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தக்கூடியவை. எனவே விற்பனையாளரின் பெயரை இங்கே தரவில்லை. தென் மாவட்டம் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கும் நான், கல்வியாண்டின் தொடக்கத்திலிருந்து இதைப் பயன்படுத்திவருகிறேன். வாங்கலாமா வேண்டாமா என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மேடை கொடுத்த காசுக்குத் தகும், கதைகளில் பாதி தேறும், கையேட்டை அலமாரியிலேயே வைத்துவிடலாம்.

அஞ்சல் செலவு சேர்த்து விலை நாலாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மேடை ஒட்டுப்பலகையால் ஆனது. ஏ3 தாள் அளவு அட்டைகள் உள்ளே நுழையும்படி மூன்று கதவுகளோடு ஒரு சிறு பூசையறை மாடத்தைப் போல இருக்கிறது. மேல்கதவையும் பக்கக் கதவுகளையும் திறந்தால் படம் தெரியும். மூடினால் கைப்பிடி பிடித்துத் தூக்கிச் செல்லும் பெட்டியாகிவிடும். ஐந்து கதைகள், கதைக்குப் பன்னிரண்டு அட்டைகள், தொடக்கத்தை அறிவிக்கத் தட்டுவதற்கு இரண்டு மரக்கட்டைகள், நாற்பது பக்கக் கையேடு, சுவரில் மாட்டும் அட்டவணை ஒன்று. பொட்டலம் பிரித்தபோது ஒரு கதையில் அட்டை ஒன்று குறைந்தது. தொலைபேசியில் சொன்னதும் மறுவாரமே தனியாக அனுப்பிவைத்தார்கள். அந்த வகையில் குறை சொல்வதற்கில்லை.

இதன் இயக்கத்தைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் சாதனத்தின் நுட்பமே அதில்தான் இருக்கிறது. அட்டையின் முன்பக்கம் படம், பின்பக்கம் கதை. ஆனால் ஒரு படத்துக்கான கதை அதே அட்டையின் பின்புறத்தில் இருக்காது. முதல் படத்துக்கான வரிகள் கடைசி அட்டையின் முதுகில் அச்சிடப்பட்டிருக்கும். முதல் அட்டையை உருவிப் பின்னால் செருகியதும், அதன் முதுகில் இருக்கும் இரண்டாம் படத்துக்கான வரிகள் சொல்பவரின் கண்ணுக்கு நேரே வந்துவிடும். ஆகவே கதைசொல்லி மேடையின் பக்கத்தில் நின்று, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தபடியே படத்தை மாற்றலாம். அட்டையை ஒரே இழுப்பில் உருவலாம், பாதிவரை இழுத்து நிறுத்தலாம், நடுங்கும் கையோடு மெல்ல மெல்ல நகர்த்தலாம். அடுத்த படத்தின் ஓரம் மட்டும் தெரியும் அந்தச் சில நொடிகளில் வகுப்பு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

1930-ஆம் ஆண்டையொட்டி, பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த பலருக்கு டோக்கியோவின் தெருக்களில் பிழைப்புக் கொடுத்த கலை இது. மிதிவண்டியின் பின்னிருக்கையில் மேடையைக் கட்டிக்கொண்டு வரும் கதைக்காரர் மரக்கட்டைகளைத் தட்டுவார், பிள்ளைகள் ஓடிவருவார்கள், அவர் முதலில் மிட்டாய் விற்பார், பிறகு கதை சொல்வார். மிட்டாய் வாங்கியவர்களுக்கு முன்வரிசை, காசில்லாதவர்கள் பின்னால் நிற்க வேண்டியதுதான். அதே பத்தாண்டில் தகாஹாஷி கோசான் போன்றவர்கள் இதை மழலையர் பள்ளிக்கேற்ற கல்விக் கருவியாக்கினார்கள். 1953-இல் ஜப்பானில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியபோது மக்கள் அதை 'மின்சாரக் காமிஷிபாய்' என்று சொன்னார்களாம். தெருக்கதைக்காரர்களின் பிழைப்பை அந்த மின்சாரக் காமிஷிபாய்தான் பறித்தது. பள்ளிகளில் மட்டும் காகிதக் காமிஷிபாய் தொடர்ந்து உயிர்வாழ்ந்து, இன்று பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. காமிஷிபாயைப் பற்றி விரிவாக எழுதியிருக்கும் மட்சுயி நொரிகோ, படப்புத்தகம் வாசகரைத் தனக்குள் தனியே அழைத்துச் செல்கிறது, காமிஷிபாயோ கதையைக் கூட்டத்தின் நடுவே கொண்டுவந்து எல்லாரையும் ஒரே உணர்வில் சேர்க்கிறது என்று வேறுபடுத்துவார். விற்பனைக் குறிப்பில் இதையெல்லாம் எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பதிலாக மூளையின் எந்தப் பகுதி எப்படி ஒளிர்கிறது என்று ஒரு படம் போட்டிருக்கிறார்கள்.

மட்சுயி சொல்லும் வேறுபாடு வகுப்பறையில் உடனே புலப்பட்டது. எங்கள் பள்ளியில் திறன்வகுப்பறைத் திரையும் உண்டு. அதில் கதைப் படம் ஓடும்போது பிள்ளைகள் திரையைப் பார்ப்பார்கள், நான் ஓரமாக நிற்பேன், கதை தன்பாட்டில் ஓடி முடியும். யாராவது கேள்வி கேட்டால் படத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். கதைப்பெட்டியில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு பிள்ளை இடையில் எதையாவது சொன்னால் அட்டை அப்படியே நிற்கும், அந்தச் சொல்லும் கதைக்குள் சேர்ந்துகொள்ளும். வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் 'ஆமா' போட்டு முதன்மைப் பாடகரை இழுத்துச் செல்வதைப் பார்த்து வளர்ந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இது புதிதும் இல்லை. கதையில் ஒருவன் அழும்போது நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஒரே படத்தைப் பார்க்கிறார்கள், பக்கத்தில் இருப்பவனும் அதைப் பார்க்கிறான் என்பதையும் அறிந்திருக்கிறார்கள். வழக்கமாகப் பின்வரிசையில் கிண்டல் செய்பவன்கூட அந்த நேரத்தில் கிண்டல் செய்யத் தயங்குகிறான். இதைப் பரிவு என்று சொல்ல மாட்டேன். பரிவுக்கு வேண்டிய அமைதி என்று சொல்லலாம். மேடைக்கு நான் தரும் பாராட்டு முழுக்க இதற்காகத்தான்.

அட்டைகளுக்கு வருகிறேன். படங்கள் அழகானவை, வண்ணங்கள் அடர்த்தியானவை, பின்வரிசைவரை தெரியும் அளவுக்குப் பெரியவை. ஆனால் அட்டைகளுக்குப் பளபளக்கும் மேலுறை போட்டிருக்கிறார்கள். சன்னலுக்கு எதிரே வைத்தால் இடப்பக்கத்தில் அமர்ந்திருப்பவர்களுக்குப் படத்துக்குப் பதிலாகச் சன்னல்தான் தெரிகிறது. குழல்விளக்கின் கீழே வைத்தாலும் அதே கதை. மேடையைச் சற்று முன்பக்கமாகச் சாய்த்து, அடியில் இரண்டு பாடநூல்களைச் செருகிச் சமாளித்தோம். பின்புற எழுத்து மிகச் சிறியது. கண்ணாடி அணிந்த எனக்கே மேடையின் உட்புற நிழலில் படிக்க முடியவில்லை. அந்த வரிகளின் நடையும் சத்தமாக வாசிப்பதற்கு ஏற்றதாக இல்லை. வேற்று மொழியில் எழுதி அவசரமாகத் தமிழுக்குக் கொண்டுவந்தது போலிருக்கிறது. முந்தைய நாளே அட்டைகளைப் படித்துவிட்டு, மறுநாள் எழுத்தைப் பார்க்காமல் சொந்தப் பேச்சில் சொல்வதுதான் வழி. கதைசொல்லும் பழக்கம் உள்ள ஆசிரியருக்கு இது பெரிய சுமையில்லை, புதியவருக்குச் சிரமம்தான்.

நடையைவிடப் பெரிய குறை கதைமாந்தர்களைப் பற்றியது. ஐந்து கதைகளிலும் விலங்குகளே பேசுகின்றன. முயல், அணில், யானைக்குட்டி, ஆமை, ஒரு காகம். விலங்குக் கதை என்றால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பது நமது பொதுவான நம்பிக்கை. பஞ்சதந்திரம் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்த நம்பிக்கை இருப்பதில் வியப்பில்லை. டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நான்கு முதல் ஆறு வயது வரையான குழந்தைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பகிர்ந்துகொள்வதைப் பற்றிய ஒரே கதையைச் சிலருக்கு உடை அணிந்த விலங்குகளின் படங்களோடும், சிலருக்கு மனிதர்களின் படங்களோடும் வாசித்துக் காட்டினார்கள். வாசிப்புக்கு முன்னும் பின்னும் தமக்குக் கிடைத்த ஒட்டுப்படங்களில் எத்தனையை வேறொரு குழந்தைக்குத் தருகிறார்கள் என்று பார்த்தார்கள். மனிதர்கள் இருந்த கதையைக் கேட்டவர்கள் முன்பைவிட அதிகமாகக் கொடுத்தார்கள். விலங்குக் கதையைக் கேட்டவர்களிடம் அந்த உயர்வு இல்லை. என் மாணவர்கள் அந்தக் குழந்தைகளைவிடப் பெரியவர்கள், எனவே அந்த முடிவை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது. ஆயினும் வகுப்பில் கண்டதும் அதற்கு மாறாக இல்லை. முயல் ஆமையைக் கேலி செய்த கதையில் எல்லாரும் முயலைத் திட்டினார்கள்; அன்று மதியமே சத்துணவு வரிசையில் வழக்கமான கேலிகள் வழக்கம்போல நடந்தன. முயல் செய்த தவறு முயலோடு போயிற்று.

அந்த ஐந்தில் அணில் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மாற்றுத்திறன் பற்றிய கதை என்று பெட்டியின் மேலேயே அதை முன்னிறுத்துகிறார்கள். கால் ஊனமான அணிலை மற்ற விலங்குகள் முதலில் ஒதுக்குகின்றன. பிறகு ஒரு வெள்ளத்தில் அது மாட்டிக்கொள்ள, எல்லாரும் சேர்ந்து அதைக் காப்பாற்றி மரத்தில் ஏற்றிவிடுகிறார்கள். கடைசி அட்டையில் அணில் நன்றியோடு புன்னகைக்கிறது. எங்கள் ஏழாம் வகுப்பில் ஊன்றுகோலோடு நடந்துவரும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். கதை முடிந்து மற்றவர்கள் கைதட்டியபோது அவள் கை தட்டவில்லை. எதுவும் தோன்றுகிறதா என்று பொதுவாகக் கேட்டபோது அவளே எழுந்து சொன்னாள்: "அந்த அணில் ஒரு அட்டையிலகூட எதுவும் பேசவே இல்ல டீச்சர்." பன்னிரண்டு அட்டைகளையும் திருப்பிப் பார்த்தேன். உண்மைதான், முயல் பேசுகிறது, காகம் பேசுகிறது, வெள்ளம்கூட ஓர் இடத்தில் கர்ஜிக்கிறது, அணிலுக்கு ஒரு வரியும் இல்லை. காப்பாற்றப்படுவதற்காக மட்டுமே ஒருவரைக் கதைக்குள் கொண்டுவந்தால், கேட்பவர்களிடம் எஞ்சுவது 'ஐயோ பாவம்' என்ற ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சை அந்த மாணவி தினமும் பேருந்து நிறுத்தத்தில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அதை வகுப்பறைக்குள்ளும் பணம் கொடுத்து வாங்கிவர வேண்டியதில்லை. அந்தக் கதையை மீண்டும் எடுக்கவில்லை. எடுப்பவர்கள் அணிலுக்குப் பேச்சு கொடுத்து எடுங்கள். அதன் வரிகளை மாணவர்களிடமே எழுதச் சொன்னால் அந்தக் கதைக்கும் ஒரு பயன் உண்டாகும்.

கையேட்டைப் பற்றி எழுதுவதற்கு எனக்குச் சற்றுப் பொறுமை தேவைப்படுகிறது. ஒவ்வொரு கதைக்கும் நான்கு கேள்விகள் தந்திருக்கிறார்கள்; நான்காவது எப்போதும் 'இக்கதையின் நீதி என்ன?' என்பதுதான். நீதியைக் கேட்டால் தமிழ்நாட்டு மாணவர்கள் அனைவரும் தருவார்கள். திருக்குறள் மனப்பாடப் பகுதியிலிருந்து அதிகாரத்தோடு எடுத்துத் தருவார்கள். தந்தவுடன் கதை முடிந்துவிடும், யோசிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. மூன்றாவது கேள்வி இன்னும் நுட்பமான பிழை: 'அந்த இடத்தில் நீ இருந்தால் உனக்கு எப்படி இருக்கும்?' பார்ப்பதற்குச் சரியான கேள்வி போலத் தெரிகிறது; நாமும் காலங்காலமாக அப்படித்தான் கேட்டுவருகிறோம். டேனியல் பேட்சன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைப் பிரித்துப் பார்க்கிறது. இக்கட்டில் இருக்கும் ஒரு பெண்ணின் நிலையை ஒலிப்பதிவில் கேட்டவர்களில், அவளுக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லப்பட்டவர்களிடம் அவள்மீதான பரிவு எழுந்தது. அதே இடத்தில் தனக்கு எப்படி இருக்கும் என்று எண்ணியவர்களிடம் பரிவோடுகூடத் தன் சொந்த மனக்கலக்கமும் எழுந்தது. கலங்கியவர் முதலில் தேடுவது தன் கலக்கத்திலிருந்து விடுபடும் வழியை. வகுப்பில் இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கலாம். 'உனக்கு எப்படி இருக்கும்' என்று கேட்டால் தனக்கு நேர்ந்ததைச் சொல்லத் தொடங்கி, பேச்சு தன் அண்ணன், தன் மாமா வீடு என்று போய்விடுகிறது. 'அவனுக்கு அப்போது என்ன தோன்றியிருக்கும், படத்தில் எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்' என்று கேட்டால் எழுந்து மேடைக்கு அருகில் வந்து, படத்தில் இருப்பவனின் கையைக் காட்டிப் பேசுகிறார்கள். நான் இரண்டாவது கேள்வியை மட்டுமே வைத்துக்கொண்டேன்.

சுவரில் மாட்டும் அந்த அட்டவணையைத் திருப்பியே அனுப்பிவிட்டேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் அதன் பின்புறத்தை வரைபடம் ஒட்டப் பயன்படுத்திக்கொண்டோம். மாணவர் பெயர்களை இடப்பக்கம் எழுதி, ஒவ்வொருவரும் செய்யும் 'கருணைச் செயலுக்கு' ஒரு நட்சத்திரம் ஒட்ட வேண்டுமாம். ஆறாம் வகுப்பில் சில நாள் மாட்டிவைத்ததில், ஒரே மாணவனின் கீழே விழுந்த பேனாவை மூன்று பேர் பாய்ந்து எடுத்தார்கள். எடுத்ததைப் பார்த்தீர்களா என்று மூவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பேனாவைத் தவறவிட்டவனை யாரும் பார்க்கவில்லை. ஃபெலிக்ஸ் வார்னெகனும் மைக்கேல் டொமசெல்லோவும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இருபது மாதக் குழந்தைகள் தாமாகவே பிறருக்கு உதவுகிறார்கள், உதவிக்குப் பொம்மைப் பரிசு கொடுக்கத் தொடங்கினால் பரிசு நின்ற பிறகு முன்பைவிடக் குறைவாக உதவுகிறார்கள் என்று காட்டியிருக்கிறார்கள். கைக்குழந்தைக்கே தெரிந்த கணக்கு பதினோரு வயதுக்குத் தெரியாமல் போகுமா?

இனி மேடையின் முழுப் பயனையும் நான் கண்ட இடம். பெட்டியில் வந்த கதைகள் தீர்ந்த பிறகு, எங்கள் கதையை நாங்களே வரைவது என்று முடிவுசெய்தோம். நான் தேர்ந்தது புறநானூற்றின் 46-ஆம் பாடல். சோழன் கிள்ளிவளவன் தன் பகைவனான மலையமானின் சிறுவர்களைப் பிடித்துவந்து யானைக் காலில் இடப்போகிறான். கோவூர்கிழார் என்ற புலவர் குறுக்கிட்டுப் பாடுகிறார். கொலை பாவம் என்று அவர் சொல்வதில்லை; அரசனைப் பழிப்பதும் இல்லை. நீ ஒரு புறாவின் துன்பத்தையும் தீர்த்தவனின் வழிவந்தவன். இவர்களோ, அறிவை உழுதுண்ணும் புலவர்களின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்து உண்டவர்களின் பிள்ளைகள். யானையைப் பார்த்ததும் அழுகையையே மறந்துவிட்ட சின்னஞ்சிறுவர்கள். இந்த மன்றத்தையும் இதில் இருக்கும் புதியவர்களையும் மருண்டு பார்த்து, இதுவரை அறியாத ஒரு துன்பத்தில் இருக்கிறார்கள். கேட்டுவிட்டாய் அல்லவா, இனி நீ விரும்பியதைச் செய். பாடல் அவ்வளவுதான். அவர்கள் பிழைத்தார்கள் என்பதைப் பாடலின் அடிக்குறிப்பாக வரும் கொளுதான் சொல்கிறது.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பழைய நாட்காட்டி அட்டைகளை ஏ3 அளவுக்கு வெட்டி, வெள்ளைத் தாள் ஒட்டி வரைந்தார்கள். யானையை எப்படி வரைவது என்பதில்தான் பெரிய விவாதம். ஒருவன் முழு யானையை வரைந்து வந்தான். இன்னொருத்தி, கீழே நிற்கும் குட்டிப் பையனுக்கு முழு யானை எப்படித் தெரியும், கால்தானே தெரியும் என்று சொல்லி, அட்டையின் மேல்விளிம்புவரை போகும் இரண்டு கால்களையும் அவற்றின் நடுவே தொங்கும் தும்பிக்கை நுனியையும் மட்டும் வரைந்தாள். எல்லாரும் அதையே ஏற்றார்கள். நான் ஒரு நீதிக்கதையும் சொல்லாமலே, ஒரு குழந்தையின் உயரத்திலிருந்து உலகத்தைப் பார்க்கும் வேலையை அவர்கள் வரைபடத்திலேயே முடித்துவிட்டிருந்தார்கள்.

அந்த அட்டைகளை ஆறாம் வகுப்பில் சொன்னபோது, யானைக்கால் அட்டையைப் பாதி உருவி நிறுத்தினேன். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது என்ன தோன்றும் என்று கேட்டேன். பயம், பயம் என்று பல குரல்கள். ஒரு மாணவன் மட்டும் மறுத்தான்: "இல்ல டீச்சர், அவங்களுக்கு யானை வேடிக்கையா இருக்கும். சுத்தி நிக்கிற ஆளுகளப் பாத்தாத்தான் பயமா இருக்கும்." உரையாசிரியர்கள் பல வரிகளில் விளக்கும் இடம் அது. இன்னொருவன் அரசன் பக்கம் நின்று வாதாடினான். பகைவனின் பிள்ளைகள் வளர்ந்தால் நாளை படையெடுத்து வருவார்கள் என்றான். அவனை நான் தடுக்கவில்லை. வேறு சிலர் பதில் சொன்னார்கள்: "அப்பா மேல கோவம்னா அப்பாவத்தானே பிடிக்கணும்?" மணி அடிக்கும்வரை அது நடந்தது. கடைசி அட்டையைக் காட்டாமலே கதவுகளை மூடினேன். அரசன் என்ன செய்தான் என்று மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்திலேயே வந்து கேட்டார்கள். கையேடு பத்து நிமிடத்தில் ஒரு கதையை முடிக்கச் சொல்கிறது என்பதையும் இந்த இடத்தில் குறிப்பிட வேண்டும்.

இந்தச் சாதனத்தை ஏன் இவ்வளவு கறாராக மதிப்பிடுகிறேன் என்று சிலருக்குத் தோன்றலாம். எங்கள் பகுதியில் மாணவரிடையே பரிவு என்பது பாடத்திட்டத்தின் அலங்காரச் சொல் அன்று. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவரையும் தடுக்க வந்த அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதையடுத்து அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி அடையாளமாக மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றை அவிழ்க்கச் சொல்லும் வேலையை ஒரு கதை செய்யாது. அது தலைமையாசிரியரும் நிர்வாகமும் விதியைக் கொண்டு செய்ய வேண்டியது. ஆனால் கயிறு கட்டியவனும் கட்டாதவனும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் வகுப்பில், பகைவனின் பிள்ளையைப் பற்றிய கதை ஒன்றை முப்பது நிமிடம் சேர்ந்து கேட்க வைக்க இந்த மேடையால் முடிந்தது. பெட்டியோடு வந்த ஐந்து கதைகளில் சாதி, மதம், ஏழ்மை எதுவும் இல்லை. காட்டில் அவை இல்லாததால் தயாரிப்பாளர்களுக்கு வசதி.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. போர்க்காலத்தில் ஜப்பானிய அரசு இதே காமிஷிபாயைத் தன் போர்ப் பரப்புரைக்காகப் பெருமளவில் அச்சிட்டுப் பள்ளிகளுக்கும் ஊர்களுக்கும் அனுப்பியது. கூட்டத்தை ஒரே உணர்வில் சேர்க்கும் ஆற்றல் அங்கேயும் நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. ஆகவே, இந்தப் பெட்டி தானாகவே கருணையை வளர்க்கும் என்ற விளம்பர வாசகத்தை நம்பி யாரும் வாங்க வேண்டாம். எந்தக் கதை, யார் பேசுகிறார்கள், எந்த இடத்தில் அட்டை நிற்கிறது, என்ன கேள்வி என்பதெல்லாம் சொல்பவரின் கையில் இருக்கிறது.

வாங்க விரும்புகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். மேடை உறுதியானது, தினமும் மாடி ஏறி இறங்கியும் கீல்கள் தளரவில்லை. மேல்கதவின் காந்தப் பூட்டு மட்டும் கழன்றுவிட்டது, ஒட்டினால் நிற்கிறது. மரக்கட்டைகளை முதல் நாளோடு மறைத்து வைத்துவிடுங்கள். இடைவேளை முழுக்க அந்தச் சத்தம்தான் கேட்கும். சில விற்பனையாளர்கள் மேடையை மட்டும் தனியாகவும் தருகிறார்கள். கேட்டுப் பார்த்தால் விலை பாதிக்குப் பக்கத்தில் வரும். அதுவும் கட்டுப்படியாகாதவர்கள் ஊர்த் தச்சரிடம் அளவு கொடுத்துச் செய்துகொள்ளலாம். எங்கள் ஊர் ஆசாரி அண்ணாச்சியிடம் இதைக் காட்டியபோது, அரைநாள் வேலை என்றார், ஒட்டுப்பலகை கழிவிலேயே வந்துவிடும் என்றார். பக்கத்துப் பள்ளி ஆசிரியைக்கு அப்படி ஒன்று செய்தும் கொடுத்திருக்கிறார். அட்டை உருவும் பக்கத்தில் கைவிரல் நுழைய அரைவட்டமாக வெட்டிவிட்டது அசல் பெட்டியில் இல்லாத வசதி.

சொந்தமாக அட்டை செய்பவர்கள் மேலுறை போடாமல் விடுவது நல்லது, போட்டே ஆக வேண்டுமானால் பளபளப்பு இல்லாத வகையைக் கேளுங்கள். பின்புற வரிகளை எழுதுவதற்கு முன் அட்டைகளுக்கு எண் இட்டுக்கொள்ளுங்கள். முதல் படத்தின் வரி கடைசி அட்டையில் என்ற கணக்கு தவறினால் பன்னிரண்டையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் எட்டு அட்டைகளே போதும். எங்கள் பெட்டியில் இப்போது விலங்குக் கதைகளில் காகம், யானைக்குட்டி இரண்டும் கீழ் வகுப்புகளுக்குப் போய்விட்டன. அணில் கதைக்கு ஏழாம் வகுப்பு புதிய வரிகள் எழுதிக்கொண்டிருக்கிறது.